தேநீர் எந்தப் பங்கில் சேரும்?

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் முற்பகல். மத்ரஸாவின் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பசியின் சிறப்பைக் கூறும் பகுதியில், மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழிக்கு வந்திருந்தோம். மனிதன் நிரப்பும் பாத்திரங்களுள் வயிற்றினும் தீயது வேறில்லை என்பதும், அதை நிரப்பியே தீர வேண்டுமென்றால் மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கைப் பானத்துக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விட வேண்டும் என்பதும் அதன் கருத்து. முப்பது ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம். கிதாபைப் பாராமலே சொல்லுக்குச் சொல் பொருளும் இலக்கணமும் கூறி முடித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாத பிள்ளை. "ஹஜ்ரத், தேநீர் எந்தப் பங்கில் சேரும்? உணவிலா, பானத்திலா?" என்று கேட்டான்.

குறும்பாகக் கேட்கவில்லை, மஸ்அலா தெளிவு பெறும் நோக்கத்தோடுதான் கேட்டான். ஆனால் அவன் பார்வை சென்ற இடத்தை நான் கண்டேன். என் மேசைமீது, சமையற்காரர் சற்று முன் கொண்டுவந்து வைத்த தேநீர்க் குவளை ஆவி பறக்க நின்றது. அன்றைக்கு அது நான்காவது. குவளைக்குப் பின்னால் என் வயிறு. அப்போது என் எடை 92 கிலோ. உயரமோ 165 சென்டிமீட்டர்தான். "பானம் என்றே கொள்ள வேண்டும்" என்று கூறிப் பாடத்தை மேலே நகர்த்தினேன். விடை சரியா என்ற ஐயம் அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

என் நிலைமையைச் சற்று விரித்துச் சொன்னால்தான் அந்தக் கேள்வி என்னை ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது வாசக அன்பர்களுக்கு விளங்கும். நிக்காஹ் முடிந்த ஆண்டில் நான் 61 கிலோ. ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை என்று ஏறிய எடையை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் அதைச் செழிப்பு என்றே பாராட்டினார்கள். ஐம்பதைக் கடந்த பிறகு முழங்கால் பேச ஆரம்பித்தது. ஸுஜூதிலிருந்து எழும்போது தரையில் கையூன்றினேன். பிறகு பக்கத்தில் நிற்பவரின் தோளை நாடினேன். 2024ஆம் ஆண்டு ரமளானில், தராவீஹ் தொழுகைக்கு, வரிசையின் ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளுள் ஒன்றில் அமர்ந்தேன். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகை அது. அதில் குறையேதும் இல்லை. ஆனால் என் வலப்பக்க நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு வயது 81. எனக்கு 53. தரையில் நெற்றி வைக்க முடியாதபடி என்னைத் தடுத்தது வயதன்று என்பது எனக்கும் என் ரப்புக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வாப்பா சீனி வியாதியால் வருந்தி 1998இல் வஃபாத்தானார்கள். இடக்கால் விரல்கள் இரண்டை முதலில் எடுத்தார்கள். பிறகு பாதத்தையே எடுக்க நேர்ந்தது. அந்தக் காலுக்கு நாள்தோறும் மருந்து கட்டியவர் என் லாத்தா. அக்காட்சியைப் பார்த்து வளர்ந்த நான், அதே வழியில் அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் எனக்கு 6.3 என்று வந்தது. 6.5ஐத் தொட்டால் நோய், 5.7க்கும் 6.4க்கும் இடைப்பட்டது நோயின் வாசற்படி. நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் அவ்வாசலைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் அறிவித்தது. வாசற்படியில் நிற்பவர்களின் எண்ணிக்கையோ அதைவிடவும் பெரிது.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் ஒரு காரியம் செய்தேன். என் வீட்டுச் சீனி டப்பாவிலிருந்து, என் இல்லாள் தேநீருக்குப் போடும் அதே கரண்டியால் பத்துக் கரண்டி அள்ளித் தாளில் மடித்து, மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். ஐம்பது கிராம். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி. சுப்ஹு தொழுதுவிட்டுக் கடையில் ஒன்று, காலை உணவோடு ஒன்று, மத்ரஸாவுக்குள் நுழைந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, மஃரிபுக்குப் பின் எவர் வீட்டிலேனும் ஒன்று, இஷாவுக்குப் பின் நண்பர்களோடு ஒன்று. ஆக ஏழு குவளை, பதினான்கு கரண்டி, 70 கிராம். கடைக்காரர் கை தாராளமானது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வந்தது. அதாவது, ஒரு மூட்டைச் சீனியில் சரிபாதியை ஆண்டுதோறும் நான் ஒருவனே குடித்துத் தீர்த்திருக்கிறேன்! தாளை என் இல்லாளிடம் காட்டினேன். "மாசச் சாமான் கணக்குப் போடுறப்ப எனக்குத் தெரியாததா இது? நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் சீனி, ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதிலும் பாதியாக, ஏறத்தாழ 25 கிராமுக்குள், அடக்கினால் இன்னும் நலம். நான் தேநீரிலேயே அதைப் போல் மூன்று மடங்கை நெருங்கியிருந்தேன். கிராமுக்கு நான்கு கலோரி வீதம் சீனியில் 280. ஏழு குவளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 400 மில்லி பால், அதில் 250 கலோரி. இரண்டும் சேர்ந்து 500ஐத் தாண்டின. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடானது அது. ஆனால் சாப்பாடு என்று நான் அதை ஒரு நாளும் எண்ணியதில்லை. என் வயிறும் எண்ணவில்லை. மென்று விழுங்கும் உணவு பசியை அடக்குவதைப் போல், குடிக்கும் இனிப்பு அடக்குவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். தொண்டை வழியே ஓடிப் போய்விடுகிறது; உடம்பு மட்டும் அதைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கிறது; பசி தன் பங்கைக் குறையாமல் வந்து கேட்கிறது. ஆகவே அந்தப் பிள்ளையிடம் நான் கூறிய விடை தவறு. என் தேநீர் பானத்தின் பங்கில் உட்கார்ந்துகொண்டு உணவின் வேலையைச் செய்து கொண்டிருந்தது. தண்ணீருக்குரிய இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. அக்காலத்தில் நான் ஒரு நாளைக்கு எத்தனை குவளை வெறும் தண்ணீர் குடித்தேன் என்று யோசித்துப் பார்த்தால், மாத்திரை விழுங்கக் குடித்ததைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

இங்கே அரபு மொழியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆசிரியனுக்கே உரிய பழக்கம், அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். 'கஹ்வா' என்னும் சொல் காப்பிக்கு வழங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மதுவுக்கு வழங்கியது. அருந்தியவனுக்கு உணவின்மீதுள்ள விருப்பத்தைப் போக்கிவிடுவதால் அப்பெயர் பெற்றது என்று இப்னு மன்ளூர் தம் 'லிஸானுல் அரப்' அகராதியில் பொருள் கூறுகிறார். காப்பி வந்ததும் பெயர் அதற்கு மாறியது. நம் ஊர்த் தேநீரின் குணமோ இதற்கு நேர்மாறு. அது தனியாக வருவதே இல்லை. காலையில் வடையைக் கையைப் பிடித்து அழைத்து வரும், மாலையில் சமூஸாவை, இரவில் பட்டர் பிஸ்கட்டை. உணவின் விருப்பத்தைப் போக்கும் பானம் நம்மிடம் வந்து உணவை அழைத்து வரும் தூதனாக மாறிவிட்டது.

சீனியை ஒரே நாளில் நிறுத்திவிட முதலில் முயன்றேன். மூன்றாம் நாளே தோற்றேன். தேநீரின் எண்ணிக்கையையும் அன்றே ஏழிலிருந்து இரண்டாகக் குறைத்ததால், நெற்றிப்பொட்டில் அப்படியொரு தலைவலி. தேயிலையில் உள்ள சத்துக்குப் பழகிய உடம்பு அதைத் திடீரென்று இழந்தால் அவ்வாறு வலிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே படிப்படியாக இறங்கினேன். வாரத்துக்கு ஒரு குவளையைக் கழித்தேன். கரண்டி இரண்டு ஒன்றரையாயிற்று, பிறகு ஒன்று, பிறகு அரை. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் சீனியே இல்லாமல் இரண்டு குவளையில் வந்து நின்றேன். ஒன்றில் பால், மற்றொன்று எலுமிச்சை பிழிந்த சுலைமானி. நாக்கு ஒரு விந்தையான மாணவன். முதலில் அடம் பிடிக்கும். விட்டுக்கொடுக்காமல் இருந்தால் தானே பாடம் கற்றுக்கொள்ளும். பாலுக்கென்று ஓர் இனிப்பு உண்டென்பதை என் ஐம்பத்து நான்காவது வயதில்தான் நாவால் அறிந்தேன். இப்பொழுது பழைய தேநீரை யாரேனும் கொடுத்தால் பாகு குடிப்பதைப் போலிருக்கிறது.

இடையில் சிலர் அன்போடு குறுக்கு வழி காட்டினார்கள். "சீனிக்குப் பதில் கருப்பட்டி போடுங்கள், நாட்டுச் சர்க்கரை போடுங்கள், தேன் போடுங்கள், தேன் ஷிஃபா அல்லவா?" என்றார்கள். தேனில் நிவாரணம் உண்டென்பதை நம்புகிறவன்தான் நான். ஆனால் நிவாரணம் என்பதனால் அளவின்றிக் கொள்ளலாம் என்று பொருளாகாது. எந்த மருந்தையும் நாம் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதில்லை. கருப்பட்டி, வெல்லம் ஆகியவற்றின் கலோரிக்கும் சீனியின் கலோரிக்கும் உள்ள வேறுபாடு மிகச் சொற்பம். நிறம் மாறினால் எடை மாறாது. நான் இரண்டு வாரம் கருப்பட்டித் தேநீர் குடித்து, ஒன்றரைக் கரண்டியை மூன்றாக்கிக்கொண்டு, நல்லதுதானே என்ற நிம்மதியில் முக்கால் கிலோ ஏறிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வீட்டுக்குள் நாவை வெல்வது எளிது. வெளியே சென்றால்தான் சோதனை. ஓர் உஸ்தாது ஒரு வீட்டுப் படியேறினால் தேநீர் வராமல் இராது. வேண்டாம் என்றால் அவ்வீட்டார் முகம் வாடிவிடும். தங்கள் வீட்டில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று எண்ணுவார்கள். சிலர் "ஒரு வாய் மட்டும்" என்று மன்றாடுவார்கள். சிலர், உடம்புக்கு என்ன என்று விசாரித்து அதையே ஊரெல்லாம் செய்தியாக்கிவிடுவார்கள். முதல் மாதம் இதில் பலரை வருத்தியிருக்கிறேன். பிறகு தற்செயலாக ஒரு வழி புலப்பட்டது. ஒரு வீட்டில் உண்மையாகவே தாகம் எடுத்து, அமர்ந்தவுடன், அவர்கள் கேட்பதற்கு முன்னால், "குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று நானே கேட்டுவிட்டேன். அவ்வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்ப் பானைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்து மகிழ்ந்தது. தண்ணீர் புகட்டுவதன் நன்மையை நம் வீடுகளில் அறியாதவர் யார்? அன்று தேநீர்ப் பேச்சே எழவில்லை. விருந்தோம்புகிறவருக்கு வேண்டியது தம் கையால் ஏதேனும் ஒன்று கொடுத்தோம் என்ற நிறைவுதான். அதை மறுத்தால்தான் வருத்தம். வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் வருத்தமில்லை. அன்றுமுதல் எங்கே சென்றாலும் முதற்சொல் தண்ணீர்தான்.

கல்யாண வீடு அதைவிடக் கடினம். எங்கள் பக்கத்தில் ஸஹனில் சேர்ந்துண்ணும் வழக்கம் உண்டு. நெய்ச்சோறும் கறியும் தாளிச்சாவும் நடுவே. சுற்றிலும் நான்கைந்து பேர். தனித்தட்டு என்றால் அளவோடு வாங்கலாம்; ஸஹனில் யார் எவ்வளவு உண்டார் என்பதற்கு அளவே கிடையாது. நடுவில் கையை எடுத்தால் மற்றவர்கள் கூச்சப்பட்டுத் தாங்களும் எடுத்துவிடுவார்கள். ஆகவே பிறருக்காக உண்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்காகவும் உண்டு வந்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில், உண்ணும் ஒழுக்கங்களைக் கூறும் நூற்பகுதியில் இதற்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். உடனுண்பவர் கூச்சப்படுவாரெனில் அவருக்கு முன் கையை எடுத்துவிடக் கூடாது. கையை நீட்டியும் மடக்கியும், சிறிது சிறிதாக எடுத்து, அவர்கள் வயிறு நிறையும் மட்டும் ஈடுகொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைத் தோழமையின் ஒழுக்கம் என்றே இத்தனை ஆண்டுகளும் கற்பித்து வந்தேன். என் போன்றவனுக்கு அதிலேயே மருந்தும் இருக்கிறது என்பது அதைச் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சிறு கவளமாக எடுத்து, நன்றாக மென்று, இடையிடையே பேச்சுக் கொடுத்தால், அருகிலிருப்பவர் ஐந்து கவளம் உண்ணும் நேரத்தில் நமக்கு இரண்டு போதும். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் அளவில் ஆகும் என்கிறார்கள். பழைய வேகத்தில் நான் பத்து நிமிடத்தில் உண்டு முடித்து எழுந்துவிடுவேன். செய்தி வந்து சேரும்போது அதைக் கேட்க நான் அங்கே இருந்ததில்லை!

நம் தமிழிலும் இதற்குக் குறைவில்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தைத் திறந்தால், பத்தில் ஆறு குறள்கள் மூலிகையைப் பேசவில்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பதையும், அளவறிந்து உண்பதையுமே பேசுகின்றன. மருத்துவரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இதையும் நான் மாலை வகுப்பில் பலமுறை நடத்தியவன்தான்.

உணவில் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. பகலில் மூன்று அகப்பைச் சோற்றை ஒன்றரையாக்கி, அவ்விடத்தில் கீரையும் காயும் வைத்துக்கொண்டேன்; கடலோர ஊர்க்காரனுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை, பொரிப்பதை விட்டு ஆணத்தில் போட்டு உண்டேன். இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் என்றிருந்ததை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட எளிய உணவாக மாற்றினேன். சுப்ஹுக்குப் பின் கடற்கரை வரை நடக்கிறேன். இவ்வளவுதான்.

லாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டாம் தெருவில் இருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆயின. உம்மா போன பிறகு எனக்கு உம்மாவும் அவர்தான். கீழக்கரைத் தொதல் வெளியூர்க்காரர்களுக்குக் கடையில் கிடைக்கும் பண்டம். எனக்கு அது லாத்தாவின் கை. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து, அடுப்பருகே மணிக்கணக்கில் நின்று, எண்ணெய் பிரியும் மட்டும் கிண்டி, ஒவ்வொரு மாதமும் தம்பிக்கென்று ஒரு டப்பா அனுப்புவார். ஆகஸ்டு மாதத்தில் வந்த டப்பாவை, "இனி எனக்கு இதெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்ற சொல்லோடு திருப்பி அனுப்பிவிட்டேன். புதிதாக வைராக்கியம் கொண்டவனின் கடுமை அது. இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே சென்றேன். அடுக்களையில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே, "என் கைச் சோறு இப்ப நஞ்சாப் போச்சா, தம்பி?" என்றார். அருகில் அமர்ந்து பரிசோதனைத் தாளைக் காட்டினேன், 6.3 என்ற எண்ணின் பொருளைச் சொன்னேன். நாற்காலியில் அமர்ந்து தொழுததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாப்பா காலுக்கு மருந்து கட்டினவ நான். இதை எங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா? டப்பாவைத் திருப்பி அனுப்பணும்னு மட்டும் தோணுச்சே" என்று அழுதார். அவர் வருந்தியது தொதலுக்காக அன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக அந்த எண்ணை நான் என் இல்லாளைத் தவிர வேறெவரிடமும் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். அவருக்கோ அது, அவரை அந்நியராக்கிய செயல்.

பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தொதல் மாதத்துக்கு ஒரு துண்டு, அவர் வீட்டிலேயே, அவர் கையால். நான் போகும் நாட்களில் தேங்காய் அதிகமில்லாத பயறுச் சுண்டல். "இதுல என்னடா ருசி" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்வார்.

2025ஆம் ஆண்டு ரமளான் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. முந்திய ஆண்டில், முப்பது நோன்பும் பிடித்துப் பெருநாளன்று எடை பார்த்தால் இரண்டரைக் கிலோ கூடியிருந்தது! 'ஸவ்ம்' என்ற சொல்லுக்கு அரபு மொழியில் அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்துதல். தீவனமின்றி அசையாமல் நிற்கும் குதிரையையும் அரபியர் 'ஸாயிம்' என்பர். நான் பகலில் அந்தக் குதிரை. மஃரிப் பாங்கு ஒலித்ததும் கட்டவிழ்ந்த குதிரை. இரண்டு கோப்பை நோன்புக் கஞ்சி, வடை, சமூஸா, ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், தராவீஹுக்குப் பின் மீண்டும் ஓர் உணவு, ஸஹரில் நெய்ச்சோறு. பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையாக உண்ண வேண்டும் என்பதில் மிகுந்த பேணுதல் உடையவன், பதினொன்றும் ஒற்றைப்படைதானே!

அவ்வாண்டு மூன்று பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி என்று திறந்து, எழுந்து மஃரிப் தொழுதேன். தொழுது வந்து பார்த்தால் பொரித்த பண்டங்களின்மீது பாதி ஆசை தானே போயிருந்தது. வண்ணப் பானங்கள் எதையும் தொடவில்லை. இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் குவளை குவளையாகத் தண்ணீர் குடித்தேன். பெருநாளன்று ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. நான் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவன் அல்லன்; எடுப்பவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளாமல் இவ்வாறெல்லாம் செய்துவிடக் கூடாது.

கணக்கின்படி நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் பதினைந்து நாளுக்கு ஒரு கிலோ குறைய வேண்டும். முதலிரண்டு மாதங்கள் கணக்கு ஓரளவு பலித்தது. நான்கு கிலோ குறைந்தது. பிறகு உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. 2025இன் கோடையில் நான்கு மாதம் முள் அசையவே இல்லை. அப்போது ஒரு நாள் கோபத்தில் கடைக்குப் போய் இரண்டு தேநீரும் மூன்று வடையும் உண்டுவிட்டு வந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இன்று என் எடை 79. மருத்துவர் இன்னும் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்கிறார். மூன்று மாதச் சர்க்கரை 5.8. இன்னும் வாசற்படிதான், ஆனால் தெருவைப் பார்த்து நிற்கிறேன்.

ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். எனக்குக் குறைந்த பதின்மூன்றை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். நாற்காலியை விட்டு எழுந்து வரிசைக்குள் வந்து ஆறு மாதமாகிறது. முதல் நாள் ஸுஜூதில் நெற்றி பாயைத் தொட்டபோது எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இமாம் தக்பீர் கூறி எழுந்த பிறகும் ஒரு கணம் தாமதித்தேன்.

அந்த மாணவன் இப்போது வேறொரு மத்ரஸாவில் மேற்படிப்புப் படிக்கிறான். சென்ற விடுமுறையில் வந்தபோது, என் விடையைத் திருத்திக் கூறினேன். அவனுக்குத் தன் கேள்வியே நினைவில் இல்லை.

இதை எழுதும்போது ஷஅபான் பிறை பதினேழு. நேற்று லாத்தா ஆளனுப்பி அழைத்தார். சென்றால், அவர் சர்க்கரை அளவைப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். நோன்புக்கு முன் பார்த்துவிட வேண்டும், நீ கூட வா என்றார். இத்தனை நாளும் என் எண்ணையே பேசிக் கொண்டிருந்த நான் அவருடையதைக் கேட்டதே இல்லை. நாளைக் காலை வெறும் வயிற்றோடு அவரை அழைத்துச் செல்ல வேண்டும். "வழியில அந்த டீக்கடை வாசனை வருமே, தம்பி, நாம வேற தெரு வழியாப் போயிடுவோமா?" என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.